விண்வெளிக்கான உலோகப் பூச்சுப் படலங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செயற்கைக்கோள்களின் மேல் போர்த்தப்படும் பளபளப்பான படலத்தைப் பற்றி மாணவர்களும், சிறு செயற்கைக்கோள் செய்யும் குழுவினரும், விண்வெளியில் ஆர்வமுள்ள வாசகர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் தந்திருக்கிறேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் உலோகத்தைப் பற்றியே கேட்கிறார்கள். ஆனால் இந்த வேலையின் கடினமான பாதி, உலோகம் படியப்போகும் பிளாஸ்டிக் படலத்தில்தான் இருக்கிறது. அதன் ஈரம், அதன் மேற்பரப்பு, அதைச் சுருட்டும் விதம், அதைத் தொடும் கை ஆகியவையே விண்வெளியில் பூச்சு நிலைக்குமா என்பதை முடிவு செய்கின்றன. கீழுள்ள பதில்கள் பலவும் அந்தப் பக்கமே சாய்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தப் படலம் எதனால் ஆனது?

பொதுவாக 5 மைக்ரானிலிருந்து 130 மைக்ரான் வரை தடிமன் உள்ள ஒரு பாலிமர் படலமும், அதன் ஒரு பக்கத்திலோ இரு பக்கங்களிலுமோ சுமார் 100 நானோமீட்டர் தடிமனில் படிந்த உலோகமும் சேர்ந்ததே இது. உலோகம் பெரும்பாலும் அலுமினியம். சில இடங்களில் வெள்ளி, அரிதாகத் தங்கம். 25 மைக்ரான் பாலிஇமைடு படலம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 35 கிராம் எடை கொண்டது. அதன் மேல் 100 நானோமீட்டர் அலுமினியம் பூசினால் கூடும் எடை 0.27 கிராம்தான். எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத உலோகம், அந்தப் படலம் ஒளியோடும் வெப்பத்தோடும் நடந்துகொள்ளும் விதத்தை முழுக்க மாற்றிவிடுகிறது.

பொன்னிறத்தில் தெரிவது தங்கமா?

பெரும்பாலும் இல்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3 இறங்குகலத்தின் படங்களைப் பார்த்தவர்கள் பலரும் இதைக் கேட்டார்கள். காப்டன் என்ற வணிகப் பெயரில் பரவலாக அறியப்படும் பாலிஇமைடு படலம் இயல்பிலேயே அம்பர் நிறம் கொண்டது. அதன் பின்பக்கத்தில் அலுமினியம் பூசி, பிளாஸ்டிக் பக்கத்தை வெளியே காட்டினால், உள்ளே போன ஒளி அலுமினியத்தில் பட்டுத் திரும்பி அம்பர் நிறத்தின் வழியாக வெளியே வருகிறது. நம் கண்ணுக்கு அது பொன்னாகத் தெரிகிறது. உண்மையான தங்கம் வேண்டுமென்றால் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் கண்ணாடிகளைப் பார்க்கலாம். அங்கே அகச்சிவப்புக் கதிர்களை நன்றாக எதிரொளிப்பதற்காகப் பெரிலியத்தின் மேல் தங்கம் பூசப்பட்டிருக்கிறது.

அலுமினியத் தாளையே நேராகப் பயன்படுத்தினால் என்ன?

மெல்லிய அலுமினியத் தாள் மடித்த இடத்தில் முறியும். ஓர் ஓரத்தில் கிழிந்தால் கிழிசல் ஓடும். பாலிமர் படலமோ வளையும், மடியும், இழுவையைத் தாங்கும். அமெரிக்காவின் எக்கோ பலூன்களில் இரண்டு வழிகளையும் முயன்று பார்த்தார்கள். 1960 ஆகஸ்ட் 12 அன்று ஏவப்பட்ட எக்கோ-1, சுமார் 30 மீட்டர் விட்டமுள்ள பலூன், மைலார் என்ற 12.7 மைக்ரான் பாலியெஸ்டர் படலத்தின் மேல் அலுமினிய ஆவியைப் படியவைத்துச் செய்யப்பட்டது. தரையிலிருந்து வந்த வானொலி அலைகளை அது கண்ணாடிபோல் திருப்பி அனுப்பியது. 1964 ஜனவரியில் சென்ற எக்கோ-2, சுமார் 41 மீட்டர் விட்டம் கொண்டது. அதில் 9 மைக்ரான் மைலாரின் இரு பக்கங்களிலும் 4.5 மைக்ரான் அலுமினியத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே இருந்த வாயு கசிந்துபோன பின்னும் பலூன் உருண்டையாகவே நிற்க வேண்டும் என்பதற்காக அந்த விறைப்பு தேவைப்பட்டது. விறைப்பு வேண்டுமென்றால் தாள், எடை குறைய வேண்டுமென்றால் பூச்சு. பல படலங்களை அடுக்கிக் கலத்தின் மேல் போர்த்தும் வெப்பப் போர்வைகளுக்குப் பூச்சே பொருத்தமானது.

பளபளப்பான உலோகப் பக்கம்தானே சூரியனைப் பார்க்க வேண்டும்? பிளாஸ்டிக்கை ஏன் வெளியே வைக்கிறார்கள்?

இந்தத் துறையை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல கேள்வி கிடையாது. காற்றில்லாத இடத்தில் ஒரு பரப்பு வெப்பத்தை இழக்க ஒரே வழி, அதை அகச்சிவப்புக் கதிராக உமிழ்வதுதான். ஆகவே சூரிய ஒளியை அது எவ்வளவு உட்கவர்கிறது என்பதோடு கதை முடிவதில்லை. எவ்வளவு உமிழ்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள விகிதமே வெப்பநிலையைத் தீர்மானிக்கிறது.

புவியின் தூரத்தில் சூரிய ஒளி ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1361 வாட் ஆற்றலைக் கொண்டுவருகிறது. பின்பக்கம் முழுவதும் காப்பிடப்பட்ட ஒரு தகடு சூரியனை நேராகப் பார்த்துக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் மேல் வெறும் அலுமினியப் பூச்சு இருந்தால் உட்கவர்திறன் (விழும் சூரிய ஒளியில் உட்கவரும் பங்கு) 0.10 அளவிலும், உமிழ்திறன் (ஒரு பரப்பு உமிழக்கூடிய உச்ச வெப்பத்தில் அது உமிழும் பங்கு) 0.04 அளவிலும் இருக்கும். மிகக் குறைவாகவே சூரிய ஒளியை உள்வாங்கினாலும், உள்வாங்கியதை வெளியேற்ற அதற்கு வழியில்லை. கணக்குப் போட்டால் வெப்பநிலை சுமார் 220 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது. அதே அலுமினியத்தின் முன்னால் பாலிஇமைடு இருந்தால், உட்கவர்திறன் 0.38 ஆக உயர்ந்தாலும் உமிழ்திறன் 0.65 ஆகிவிடும், வெப்பநிலை ஏறக்குறைய 70 டிகிரியில் நின்றுவிடும். வெள்ளி பூசிய, 127 மைக்ரான் தடிமனுள்ள எஃப்.இ.பி. டெஃப்லான் (ஃபுளூரின் கலந்த ஒருவகைப் பாலிமர்) படலத்தை எடுத்துக்கொண்டால் உட்கவர்திறன் 0.09, உமிழ்திறன் 0.78, தகடு மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே குளிர்ந்திருக்கும்.

ஆக, உலோகம் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, முன்னால் நிற்கும் பாலிமர் வெப்பத்தை வெளியேற்றுகிறது. அலுமினியத்துக்கோ வெள்ளிக்கோ தனியாக இந்தத் திறமை கிடையாது. பாலிமரின் தடிமனைக் கூட்டினால் உமிழ்திறன் கூடும். டெஃப்லானில் 25 மைக்ரானுக்குச் சுமார் 0.5 என்றால், 127 மைக்ரானுக்கு 0.75-ஐத் தாண்டும். வெப்ப வடிவமைப்பாளர் ஒரு படலத்தின் தடிமனைத் தேர்ந்தெடுப்பதில் வலிமைக்கு எவ்வளவு பங்குண்டோ அவ்வளவு பங்கு இதற்கும் உண்டு. போர்வையின் உள்ளடுக்குகளில் இதற்கு நேர்மாறாக உமிழ்வே கூடாது என்பதால், அங்கே இருபுறமும் உலோகம் பூசுகிறார்கள்.

எந்தப் பாலிமரை எங்கே பயன்படுத்துகிறார்கள்?

மைலார் என்று நாம் அழைக்கும் பாலியெஸ்டர் படலம் மலிவானது, வலிமையானது, ஆறு மைக்ரான் அளவுக்கு மெல்லியதாகவும் கிடைக்கும். ஆனால் புற ஊதாக் கதிர் நேராகப் பட்டால் மஞ்சளித்து நொறுங்கத் தொடங்கும். சுமார் 250 டிகிரியில் உருகும். ஆகவே அது போர்வையின் உள்ளடுக்குகளுக்கே ஏற்றது. பாலிஇமைடு உருகுவதில்லை, மிகத் தாழ்ந்த குளிரிலிருந்து 300 டிகிரிக்கு மேல் வரை தன் வலிமையைக் கணிசமாகத் தக்கவைத்துக்கொள்ளும், கதிர்வீச்சையும் நன்றாகத் தாங்கும். வெளியடுக்குக்கு அதுவே முதல் தேர்வு. வெப்பத்தை வெளியேற்றும் ரேடியேட்டர் பரப்புகளுக்கு, நிறமற்ற எஃப்.இ.பி. டெஃப்லானின் பின்னால் வெள்ளி பூசிய படலம் ஒட்டப்படுகிறது.

அலுமினியம், வெள்ளி, தங்கம் ஆகியவற்றில் எது சிறந்தது?

பயன்பாட்டைப் பொறுத்தது. அலுமினியம் புற ஊதாவிலிருந்து தொலை அகச்சிவப்பு வரை நன்றாக எதிரொளிக்கும். காற்று பட்டவுடன் சில நானோமீட்டர் தடிமனில் தானே ஓர் ஆக்சைடு கவசத்தைப் போட்டுக்கொள்ளும். பாலிமரோடு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதன் குறை, 800 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி எதிரொளிப்பு சற்றுத் தாழ்வது. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அண்மை அகச்சிவப்பிலும் வெள்ளி அலுமினியத்தை மிஞ்சும். ஆனால் கந்தகச் சேர்மங்கள் பட்டால் கறுக்கும், அணு ஆக்சிஜன் (தனி அணுக்களாகப் பிளந்த ஆக்சிஜன்) பட்டால் அரியும். எனவே வெள்ளியை டெஃப்லானுக்குப் பின்னால் மறைத்து, அதன் முதுகில் இன்கொனெல் போன்ற உலோகக் கலவையை மெல்லியதாகப் பூசிக் காக்கிறார்கள். தங்கம் அகச்சிவப்பில் மிகச் சிறந்தது. ஆனால் நீல ஒளியை விழுங்குவதால் வெயிலில் சூடாகும்.

பூச்சு எப்படி நடக்கிறது?

சிப்ஸ் பொட்டலத்தின் உட்புறத்தில் மின்னும் அலுமினியம் எப்படிப் படிகிறதோ, அடிப்படையில் அதே முறைதான். ஒரு பெரிய வெற்றிடக் கலனுக்குள் படலச் சுருளை ஏற்றுகிறார்கள். அவிழும் சுருள் ஒரு பக்கம், சுற்றிக்கொள்ளும் சுருள் மறுபக்கம், நடுவே உறைநிலைக்குக் கீழே குளிர்விக்கப்பட்ட ஒரு பெரிய உருளை. உருளைக்குக் கீழே, போரான் நைட்ரைடும் டைட்டானியம் டைபோரைடும் கலந்த செராமிக் தொட்டிகள் வரிசையாக இருக்கும். தொழிலில் இவற்றைப் போட் என்பார்கள். மின்னோட்டம் பாய்ச்சி இவற்றை 1400 முதல் 1500 டிகிரி வரை சூடாக்கி, அவற்றின் மேல் அலுமினியக் கம்பியைச் சீரான வேகத்தில் இறக்குவார்கள். கம்பி உருகி, ஆவியாகி, மேலே குளிர்ந்த உருளையை ஒட்டிச் செல்லும் படலத்தில் படியும்.

கலனுக்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு இறங்க வேண்டும். இல்லையென்றால் அலுமினிய அணுக்கள் வழியிலேயே வாயு மூலக்கூறுகளில் மோதி ஆற்றல் இழந்து, கருத்த, தளர்வான படிவாக விழும். படலம் உருளையோடு ஒட்டிச் செல்வது மிக முக்கியம். ஒரு சுருக்கம் விழுந்து ஓரிடம் உருளையை விட்டுத் தூக்கினால், கீழிருந்து வரும் வெப்பம் அங்கே தேங்கும். மைலாராக இருந்தால் அந்த இடம் நொடியில் நீண்டு நெளிந்துவிடும். இழுவை கூடினாலும் படலம் நீளும், குறைந்தாலும் சுருக்கம் விழும். கம்பி வேகமாக இறங்கினாலோ அதன் மேல் ஆக்சைடு அழுக்கு இருந்தாலோ, உருகிய அலுமினியம் துளித்துளியாகத் தெறித்துப் படலத்தைப் பொத்தலாக்கிவிடும்.

பொட்டலத் தொழிலில் படலம் நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் ஓடும். விண்வெளிக்கான பூச்சில் அந்த அவசரம் கூடாது. மெதுவாக ஓட்டி, தடிமனைத் தொடர்ந்து அளந்து, சுருள் முழுவதும் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இயந்திரம் ஒன்றாக இருந்தாலும் வேலை வேறு.

படலத்தை உலர்த்த வேண்டும் என்று ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள்?

பாலிஇமைடு தண்ணீர் குடிக்கும் பொருள். சாதாரண அறை ஈரப்பதத்திலேயே அதன் எடையில் ஏறக்குறைய 1.8 சதவீதம் நீர் இருக்கும். ஒரு மீட்டர் அகலமும் ஆயிரம் மீட்டர் நீளமும் உள்ள 25 மைக்ரான் சுருளை எடுத்துக்கொண்டால், அதற்குள் அரை லிட்டருக்கும் அதிகமான நீர் ஒளிந்திருக்கிறது. தொட்டுப் பார்த்தால் காய்ந்த படலம்தான். ஆனால் பூச்சு நடக்கும் அழுத்தத்தில் ஒரு கிராம் நீர் ஆவியானால் அது சுமார் 13,000 கன மீட்டர் இடத்தை நிரப்பும். எவ்வளவு பெரிய பம்ப் ஓடினாலும், சுருள் அவிழ அவிழ அந்த நீராவி வந்துகொண்டே இருக்கும்.

வந்த நீராவி சும்மா போவதில்லை. சூடான அலுமினிய அணுக்களோடு வினைபுரிந்து பூச்சுக்குள் ஆக்சைடாகக் கலக்கிறது. எதிரொளிப்பு குறைகிறது, மின்தடை கூடுகிறது, பிடிமானமும் தளர்கிறது. ஆகவே பூச்சுக்கு முன்னால், வெற்றிடத்திலேயே படலத்தைச் சூடான உருளைகளின் மேல் ஓட்டி ஒருமுறை சுற்றியெடுத்து உலர்த்துவது நல்ல பழக்கம். உலர்த்திய சுருளைக் காற்றில் திறந்துவைத்தால் ஈரம் மறுபடி ஏறிவிடும். உலர்த்தல், பிளாஸ்மாச் சுத்திகரிப்பு (மின்னேற்றம் பெற்ற வாயுவால் மேற்பரப்பைச் சுத்தம் செய்வது), பூச்சு ஆகிய மூன்றும் கலனைத் திறக்காமல் அடுத்தடுத்து நடப்பதே சரி. பூச்சுச் சரியில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது உலோகத்தின் தூய்மையைப் பற்றியல்ல. சுருள் எங்கே, எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதைத்தான்.

பூச்சு எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும்?

பொட்டலப் படலத்துக்கு 30 முதல் 50 நானோமீட்டர் போதும். ஆனால் அந்தத் தடிமனில் வலுவான விளக்கின் முன் பிடித்தால் ஒளி மங்கலாக ஊடுருவுவது தெரியும். வெப்பக் கட்டுப்பாட்டுக்கு 100 நானோமீட்டர் அளவில் வைத்தால், அலுமினியம் ஒளிக்கும் அகச்சிவப்புக்கும் கட்டி உலோகத்தைப் போலவே நடந்துகொள்கிறது. அதற்கு மேல் கூட்டினால் ஆதாயம் சொற்பம். பூச்சுக்குள் உண்டாகும் இறுக்கம் (உள்தகைவு) ஏறிப் படலம் சுருளத் தொடங்கும், மேற்பரப்பு சொரசொரப்பாகும், படலம் வெப்பத்தில் நிற்கும் நேரமும் கூடும்.

ஸ்பட்டரிங் முறையில் பூசக் கூடாதா?

பூசலாம். பிளாஸ்மா அயனிகளால் உலோகத் தகட்டைத் தாக்கி அணுக்களைப் பெயர்த்தெடுக்கும் அந்த முறையில் பிடிமானம் நன்றாக இருக்கும். உலோகக் கலவைகளையும் இண்டியம் டின் ஆக்சைடு போன்ற சேர்மங்களையும் பூச முடியும். ஆனால் படியும் வேகம் ஆவியாக்கலை விடப் பல மடங்கு குறைவு. நீண்ட சுருளுக்கு அலுமினியம் மட்டும் வேண்டுமென்றால் ஆவியாக்கலே போதும்.

பூச்சு உரிந்து வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

உலோகம் படிவதற்குச் சற்று முன்பு ஆர்கான் அல்லது ஆக்சிஜன் பிளாஸ்மாவின் வழியாகப் படலத்தை ஓட்டுவது மிகவும் உதவும். அது மேற்பரப்பின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, அலுமினியம் பிணைந்துகொள்ளக்கூடிய ஆக்சிஜன் தொகுதிகளை உருவாக்குகிறது. எதுவும் ஒட்டாத டெஃப்லானுக்கு இத்தகைய முன்சிகிச்சை கட்டாயம். வணிகப் படலங்களில் சுருள் ஒட்டிக்கொள்ளாமல் வழுக்குவதற்காகச் சேர்க்கும் நுண்துகள்களும் ஒரு சிக்கல். விண்வெளிக்கு வாங்கும்போது அவை எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும்.

சோதிப்பது எளிது. பூசிய பக்கத்தில் ஒட்டுநாடாவை அழுத்தித் தேய்த்து, சீரான இழுப்பில் உரித்து, நாடாவை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். நாடா தெளிவாக இருந்தால் நல்லது. சாம்பல் புகைபோல் ஏதாவது தெரிந்தாலும் அந்தச் சுருளைக் கலத்துக்கு அனுப்பக் கூடாது.

ஊசித்துளைகள் உண்மையில் அவ்வளவு ஆபத்தா?

இருட்டறையில், ஒளி மேசையின் மேல் பூசிய படலத்தை விரித்தால் அங்கங்கே நுண்ணிய ஒளிப்புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் பூச்சு விட்டுப்போன ஓர் இடம். பூசும்போது அங்கே ஒரு தூசி உட்கார்ந்திருந்தது. அலுமினியம் தூசியின் மேல் படிந்தது. பிறகு சுருட்டும்போது தூசி உதிர்ந்துபோக, அடியில் வெறும் பிளாஸ்டிக் திறந்துகொண்டது. எதிரொளிப்பை மட்டும் அளந்தால் இந்தப் புள்ளிகளால் வரும் இழப்பு பொருட்படுத்தத் தக்கதல்ல. அதனால்தான் பலர் இதை அலட்சியப்படுத்துகிறார்கள்.

தாழ் புவிச் சுற்றுப்பாதையில் நிலைமை வேறு. அங்கே சூரியனின் புற ஊதா ஒளி ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் தனி அணுக்களாகப் பிளந்து வைத்திருக்கிறது. கலம் நொடிக்கு 7 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் அவற்றின் மேல் மோதுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டரில் 10-இன் 21-ஆம் அடுக்கு எண்ணிக்கையில் அணுக்கள் மோதினால், காப்பில்லாத பாலிஇமைடில் 30 மைக்ரான் அரிக்கப்படும். 25 மைக்ரான் படலம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அலுமினியம் இதற்குச் சிறந்த கவசம். ஆனால் ஊசித்துளை வழியாக உள்ளே நுழையும் ஆக்சிஜன் அணு, பூச்சுக்கு அடியில் பக்கவாட்டில் குடைந்துகொண்டே போகிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் சூரியத் தகடுகளை வைத்திருந்த பெட்டிகளின் மேல், இருபுறமும் அலுமினியம் பூசிய பாலிஇமைடு உறை போட்டிருந்தார்கள். ஏறக்குறைய ஓர் ஆண்டிலேயே நடுவில் இருந்த பாலிஇமைடு அரிக்கப்பட்டு, தாங்க ஏதுமில்லாத அலுமினியத் தோல் கிழிந்து தொங்கியது புகைப்படங்களில் தெரிந்தது. இருபுறமும் கவசம் இருந்தது என்பதும் அங்கே உதவவில்லை. ஒரு பக்கத் துளையில் நுழைந்த அணு, மறுபக்க அலுமினியத்தில் மோதி உள்ளுக்குள்ளேயே திரும்பத் திரும்ப வினைபுரிந்தது. தூய்மையான அறை, தூசி உறிஞ்சும் உருளை, பூசிய பக்கத்தில் எதுவும் படாதபடி இயந்திரத்தில் படலத்தை ஓட்டிச் சுற்றும் அமைப்பு ஆகியவற்றுக்குச் செலவிடுவது வீண் அல்ல என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

கலத்துக்கு அனுப்புமுன் என்னென்ன சோதனைகள் தேவை?

ஒளியியல் அளவீட்டில் உட்கவர்திறனும் உமிழ்திறனும், நான்கு முனை மின்தடைமானியால் பரப்பு மின்தடையும் அளக்கப்படும். கட்டி அலுமினியத்தின் மின்தடையைக் கொண்டு கணக்கிட்டால் 100 நானோமீட்டர் பூச்சுக்கு ஒரு சதுரத்துக்கு 0.27 ஓம் வர வேண்டும். உண்மையான பூச்சில் இது சற்றுக் கூடுதலாகவே இருக்கும். மிகவும் கூடினால் பூச்சு மெலிந்திருக்கிறது அல்லது ஆக்சைடு கலந்திருக்கிறது என்று பொருள். வாயு வெளியேற்றச் சோதனைக்கு ஏ.எஸ்.டி.எம். இ-595 என்ற முறை பரவலாகப் பின்பற்றப்படுகிறது. வெற்றிடத்தில் 125 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தபின், எடை இழப்பு 1 சதவீதத்துக்கும், குளிர்ந்த தகட்டில் படியும் பொருள் 0.1 சதவீதத்துக்கும் மிகாமல் இருப்பது வழக்கமான வரம்பு. வெளியேறும் ஆவி கேமராவின் லென்ஸில் போய்ப் படிந்தால் துடைக்க ஆளில்லை.

நல்ல படலமும் காலப்போக்கில் கெடுமா?

கெடும். 1990-இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் மேல் 127 மைக்ரான் தடிமனுள்ள, பின்னால் அலுமினியம் பூசிய டெஃப்லான் படலம் போர்த்தப்பட்டிருந்தது. 1997 பிப்ரவரியில் விண்வெளி வீரர்கள் இரண்டாம் முறை பழுதுபார்க்கச் சென்றபோது, அது பல இடங்களில் வெடித்துப் பிளந்திருப்பதைக் கண்டார்கள். உலோகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கதிர்வீச்சு டெஃப்லானின் மூலக்கூறுச் சங்கிலிகளை முறித்து நொறுங்கும் தன்மையைத் தந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிச் சென்றதால் வந்த சுருக்கமும் விரிவும் அதைப் பிளந்தன. 1984-இல் விடப்பட்டு 1990 ஜனவரியில் திரும்பக் கொண்டுவரப்பட்ட எல்.டி.இ.எஃப். என்ற சோதனைக் கலம், இத்தகைய பொருள்களைக் கையில் எடுத்து ஆராயும் அரிய வாய்ப்பைத் தந்தது. அதன் முன்பக்கத்தில் இருந்த வெள்ளி டெஃப்லான் அணு ஆக்சிஜனால் சொரசொரப்பாகிப் பால்போல் வெளுத்திருந்தது.

மின்னேற்றச் சிக்கல் என்கிறார்களே, அது என்ன?

பாலிமர் மின்கடத்தாப் பொருள். புவிநிலைச் சுற்றுப்பாதை போன்ற இடங்களில் எலக்ட்ரான்கள் அதன் மேல் சேர்ந்து, ஒரு கட்டத்தில் மின்பொறியாகப் பாய்ந்து மின்னணுச் சுற்றுகளைக் கெடுக்கும். வெளிப்பரப்பில் ஒளி ஊடுருவும் இண்டியம் டின் ஆக்சைடு பூசுவதும், கார்பன் கலந்த கறுப்புப் பாலிஇமைடைப் பயன்படுத்துவதும் தீர்வுகள். எதைச் செய்தாலும் ஒவ்வோர் உலோக அடுக்கையும் கலத்தின் உடலோடு மின்கம்பியால் இணைக்க வேண்டும்.

பூசிய படலத்திலிருந்து வெப்பப் போர்வை எப்படி உருவாகிறது?

இருபுறமும் அலுமினியம் பூசிய, 6 மைக்ரான் அளவுள்ள மைலார் அடுக்குகள் பத்து முதல் முப்பது வரை வைத்து, ஒவ்வொன்றுக்கும் இடையே மெல்லிய பாலியெஸ்டர் வலையை விரித்து, வெளியே பாலிஇமைடு உறை போட்டு, ஓரங்களைத் தைக்கிறார்கள். வலை இல்லாவிட்டால் அடுக்குகள் ஒன்றையொன்று தொட்டு வெப்பத்தைக் கடத்திவிடும். உள்ளடுக்குகளில் சிறு துளைகள் இடப்பட்டிருக்கும். ஏவுகலம் மேலேறும் சில நிமிடங்களில் உள்ளே சிக்கிய காற்று வெளியேறாவிட்டால் போர்வை ஊதிப் பிய்ந்துவிடும். தையலும் மடிப்பும்தான் வெப்பம் கசியும் இடங்கள். பெரிய தட்டையான போர்வையைவிட, மூலை முடுக்குகள் நிறைந்த சிறிய போர்வை எப்போதும் மோசமாகவே வேலை செய்யும்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் சூரியக் கவசத்தில் என்ன சிறப்பு?

டென்னிஸ் மைதான அளவில், சுமார் 21 மீட்டர் நீளமும் 14 மீட்டர் அகலமும் கொண்ட ஐந்து அடுக்குகள். சூரியனைப் பார்க்கும் முதல் அடுக்கு 50 மைக்ரான், மற்றவை 25 மைக்ரான் தடிமனுள்ள காப்டன் இ படலம். ஐந்திலும் சுமார் 100 நானோமீட்டர் அலுமினியம் உண்டு. சூரியனுக்கு அருகிலுள்ள இரண்டு அடுக்குகளின் வெயில் படும் பக்கத்தில் மட்டும், அலுமினியத்தின் மேல் சுமார் 50 நானோமீட்டர் தடிமனில் சிலிக்கான் பூசப்பட்டிருக்கிறது. வெறும் அலுமினியம் வெப்பத்தை உமிழாது என்று மேலே கண்ட சிக்கலுக்கு இது ஒரு விடை. கவசத்துக்கு இளஞ்சிவப்பு கலந்த ஊதா நிறம் வந்ததும் இதனால்தான். அடுக்குகளுக்கு இடையே உள்ள வெற்றிடம் ஓரங்களை நோக்கி அகன்றுகொண்டே போவதால், வெப்பம் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே பட்டுத் தெறித்துப் பக்கவாட்டில் வெளியேறுகிறது. முதல் அடுக்கு 110 டிகிரி வரை சூடாகும்போதும், ஐந்தாம் அடுக்கின் குளிர்ந்த பகுதி மைனஸ் 230 டிகிரிக்கும் கீழே இருக்க முடிகிறது.

தரையில் ஒருமுறை விரித்து மடித்த பயிற்சிக்குப் பின், கவசத்தில் சில கிழிசல்கள் இருந்ததாக 2018-இல் தெரிவிக்கப்பட்டது, அவை சரிசெய்யப்பட்டன. கிழிசல் பரவாமல் தடுக்க, படலத்தின் மேல் கட்டம் கட்டமாக வெப்ப இணைப்புப் பட்டைகள் முன்பே அமைக்கப்பட்டிருந்தன. 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்டு, 2022 ஜனவரி 4 அன்று ஐந்து அடுக்குகளும் இழுத்து விறைக்கப்பட்டபோது, பல ஆண்டு உழைப்பு பலித்தது.

சூரியப் பாய்களிலும் இதே படலமா?

ஆம், இன்னும் மெல்லியதாக. சூரிய ஒளியின் அழுத்தத்தைக் கொண்டு கலத்தைத் தள்ளும் விரிந்த படலமே சூரியப் பாய். ஜப்பான் 2010 மே மாதம் அனுப்பிய இகாரோஸ் கலத்தின் பாய், 7.5 மைக்ரான் தடிமனுள்ள பாலிஇமைடு. அதில் விழுந்த சூரிய ஒளி சுமார் 1.1 மில்லிநியூட்டன் விசையைத் தந்தது. ஒளியை முற்றாக எதிரொளிக்கும் பரப்பில்கூட, புவியின் தூரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 9 மைக்ரோநியூட்டன்தான் கிடைக்கும் என்பதால், பாயின் ஒவ்வொரு மைக்ரான் தடிமனும் கணக்கில் வருகிறது.

கடையில் விற்கும் அவசரகாலப் போர்வையைக் கல்லூரிச் செயற்கைக்கோளில் பயன்படுத்தலாமா?

ஆய்வகத்தில் செயல்விளக்கம் காட்டவும், வெட்டித் தைத்துப் பழகவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மாணவர்கள் கையால் செய்து பார்ப்பதைப் போல் எதுவும் கற்றுத்தராது. கலத்தில் ஏற்ற வேண்டாம். அதன் பாலியெஸ்டரில் என்ன சேர்த்திருக்கிறார்கள், பூச்சு எவ்வளவு தடிமன், வாயு வெளியேற்றம் எவ்வளவு என்பதற்கெல்லாம் ஆவணம் இருக்காது. அதே ஏவுகலத்தில் பயணிக்கும் மற்றவர்களின் கருவிகளையும் உங்கள் போர்வை மாசுபடுத்தக்கூடும். அதை ஒட்டப் பயன்படுத்தும் ஒட்டுநாடாவுக்கும் இது பொருந்தும்.

படலத்தை எப்படிக் கையாள வேண்டும், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

பூசிய பக்கத்தை வெறுங்கையால் தொடக் கூடாது. விரல் ரேகையில் உள்ள உப்பும் ஈரமும் 100 நானோமீட்டர் அலுமினியத்தைச் சில வாரங்களில் ஊடுருவித் தின்றுவிடும். முதலில் பழுப்பாகத் தெரியும் ரேகை, பிறகு ஒளி ஊடுருவும் ரேகையாக மாறும். தூள் பூசாத நைட்ரைல் கையுறை அணியுங்கள். கரைப்பான் கொண்டு துடைக்க வேண்டிவந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மென்துணியில் நனைத்து, அழுத்தாமல் ஒரே திசையில் துடையுங்கள். சென்னை போன்ற கடலோர நகரங்களில் வேலை செய்பவர்களுக்கு உப்புக் காற்றும் ஈரப்பதமும் கூடுதல் எதிரிகள். உலர்த்தும் பொருளோடு ஈரம் புகாத பையில் அடைத்து, சுருளைத் தரையில் கிடத்தாமல் இரு முனைகளிலும் தாங்கித் தொங்கவிட்டு வையுங்கள். கிடத்திய சுருளின் எடை ஒரே கோட்டில் விழுந்து, அங்கே பூச்சு அடுத்த அடுக்கின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். வைப்புக் காலம் எவ்வளவு என்பதற்கு உற்பத்தியாளர் தரும் தேதியை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு முறை வெட்டும்போதும் சுருளின் ஓரத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து மின்தடையையும் ஒட்டுநாடாப் பிடிமானத்தையும் அளந்து, முதல் நாள் அளவோடு ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள். அளவு மாறத் தொடங்கினால் வெளியிலுள்ள சில சுற்றுகளை நீக்கிவிட்டு, உள்ளிருந்து எடுத்து மறுபடி அளக்க வேண்டும்.